கோழிக்கூட்டுக் கதவு: ராமநாதபுரம் கரையில் ஐந்து நாள்

முதல் நாள்: மதுரை, ராமநாதபுரம், உச்சிப்புளி

மண்டபத்தில் ஒரு வீட்டில் ஏரோப்ளேன் தகட்டைக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறார்கள் என்று மீன் வியாபாரத்தில் இருக்கும் நண்பன் போன மாதம் போனில் சொன்னான். "சண்டை நேரத்துல கடல்ல விழுந்த ப்ளேனாம்டா. இதுக்கெல்லாம் நீதானே அலைவே" என்றான்.

அலைகிறவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்குள் சும்மா நுழைந்தேன். வெட்டிவிட்ட புல்தரை, அதில் பிசகில்லாத வரிசையில் வெள்ளைக் கற்கள். தெற்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கல்லறைகளை 1952இல் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் மட்டும் 850 பேருக்கு மேல். பறவைச் சின்னம் இருந்த கற்கள் விமானப் படைக்காரர்களுடையவை. வயதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதிப் பேருக்கு என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். கல்யாணச் சாப்பாடு இரண்டாம் பந்திதான் கிடைத்தது.

மதராஸ் பக்கம் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லையே, இவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது இது: போர்க்காலத்தில் விழுந்த விமானங்கள் எல்லாம் எதிரி சுட்டு விழுந்தவை அல்ல. என்ஜின் மக்கர் பண்ணும். மழை மேகத்துக்குள் போனால் வழி தவறும். கடலின் மேல் இருட்டில் எண்ணெய் தீரும். பயிற்சிக்கு வந்த பையன் இறக்கத் தெரியாமல் இறக்குவான்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். பரமக்குடி வரை நல்ல தூக்கம், அதற்கப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு உச்சிப்புளிக்கு இன்னொரு பஸ்.

இன்று கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து இருக்கும் இடம் உச்சிப்புளி. இந்தப் பெயரில் 2009இல் தொடங்கினார்கள். ஆனால் ஓடுபாதைக்கு வயது அதிகம், அது இரண்டாம் உலகப் போரில் போட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. மதராஸ் பட்டணம் காலியானது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலைப் புலி, சிங்கங்களைச் சுட்டே கொன்றார்கள். அதுவரைக்கும் இந்தக் கரைக்கு என்ன காவல் இருந்தது? மதராஸ், கொச்சி மாதிரி ஊர்களில் இந்திய விமானப் படையின் கரையோரப் பிரிவுகள். அவர்கள் கையில் இருந்தது வாபிட்டி போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். ஜப்பான்காரன் கொழும்பு வரை வந்த பிறகுதான் தெற்கே ஓடுபாதைகள் முளைத்தன: கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம். சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் விட்டார்கள். உளுந்தூர்பேட்டை ஓடுபாதை பொட்டலாகக் கிடக்கிறது. ராமநாதபுரத்து ஓடுபாதைக்கு இன்றும் வேலை இருக்கிறது.

வெளியில் நின்று பார்க்கிற மாதிரி அங்கே எதுவும் இல்லை. வேலி, காவல், படம் எடுக்காதே என்று பலகை. எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாவிடம், "ப்ளேன் நிறைய வருமாம்மா?" என்று கேட்டேன்.

"வரும். இப்ப ஆளே இல்லாம ஒண்ணு பறக்குதுல்ல, அதுதான் நாள் முழுக்க. கொசு மாதிரி சத்தம்."

ஆளில்லா விமானப் பிரிவு இங்கே இருப்பது உண்மைதான். விழுந்தாலும் அழ ஒரு தாய் இல்லாத விமானம். நான் தேடி வந்தது அந்த ரகம் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாம் நாள்: மண்டபம்

மண்டபம் இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடந்தே போய்விடலாம். மாசி மாதம், வாடை அடங்கிவிட்டது. இரண்டு கடலும் குளம் மாதிரிக் கிடந்தன.

நண்பன் சொன்ன வீடு தெற்குக் கரையில். வீட்டுக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது, நாட்டுப்படகு வைத்திருந்தவர், இப்போது மகன் கடலுக்குப் போகிறார். வேப்ப மரத்தடியில் நண்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஊசியைக் கூட வைக்காமல், "அந்தா இருக்கு பாருங்க தம்பி" என்று முகத்தாலேயே காட்டினார்.

கோழிக்கூடு செங்கல் அடுக்கிக் கட்டியது. கதவு நிஜமாகவே தகடு. இரண்டடி உயரம், ஒன்றரையடி அகலம் இருக்கும். ஒரு காலத்தில் வளைந்திருந்ததைத் தட்டி நிமிர்த்திய தழும்பு இருந்தது. மேலே சாம்பல் நிறம். விரலை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது. ஓர் ஓரமாக வரிசையாக ஓட்டைகள், இரண்டில் ஆணியின் தலை இன்னும் இருந்தது. அறுந்த வலைக் கயிற்றால் கூட்டோடு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு தாய்க்கோழி, ஏழெட்டுக் குஞ்சுகள். நான் குனிந்ததும் கோழி கொத்த வந்தது.

அலுமினியம்தான். துருவே இல்லை. நெஞ்சு படபடத்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனால் படபடத்தது. ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். அளவு தெரிவதற்காக.

"எங்க அப்பா வலையில வந்தது" என்றார் ஐயா. "தனுஷ்கோடிப் புயலுக்கு ரெண்டு மூணு வருசம் பொறவு. நான் அப்ப சின்னப் பய. முயல் தீவுக்குத் தெற்க, பாரு தாண்டி. வலையை இழுத்தா வரல. நாலு பேரு சேர்ந்து இழுத்தாங்க. வலை பாதி கிழிஞ்சு இந்தத் தகடு மட்டும் வந்துச்சு. வெள்ளக்காரன் சண்டையில விழுந்த ப்ளேனுன்னு அப்பா சொல்லுவாரு. அவுக சின்ன வயசுல ஒரு நாள் ராத்திரி பெரிய சத்தம் கேட்டு, தெக்க வெளிச்சம் தெரிஞ்சுச்சாம்."

"அந்த இடத்துக்கு இப்பவும் போவீங்களா?"

"பக்கத்துல போவோம். அங்க வலை போடுறதில்ல. ஏரோப்ளேன் பாருன்னு எங்க ஆளுக நாலஞ்சு பேரு சொல்லுவோம். பாம்பன் லைட்ஹவுஸ் தீவுக்குப் பின்னால மறையும் பாருங்க, அந்த நேர்ல."

படகில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை. பாரு என்பது கடலடிப் பாறைத் திட்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, கண்டவர்கள் போக முடியாது. கரையில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர்தான் தெரிந்தது. அவருக்கு வேறு என்னவோ தெரிந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கையை இறக்கவே இல்லை.

வீட்டுக் கதைக்குச் சாட்சி கேட்பது மரியாதை இல்லை. தகட்டுக்குக் கேட்கலாம்.

மத்தியானம் வடக்குக் கரையில் உட்கார்ந்து யோசித்தேன். போர்க்காலத்தில் இந்த வானத்தில் போக்குவரத்து அதிகம். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் கண்டிக்குப் போய்விட்டது. திருகோணமலையில் கடற்படை, மின்னேரியா, சிகிரியா, காங்கேசன்துறைப் பக்கம் விமானத் தளங்கள். இந்தப் பக்கம் மதராஸின் செங்குன்றம் ஏரியில் காடலினாக்கள் மிதந்தன. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பட்டறையில் விமானங்களை அக்கக்காகப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போய்வந்த விமானம் எப்படியும் இந்தக் கடலைத் தாண்டியாக வேண்டும்.

காடலினாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பாதிப் படகு, பாதி விமானம். அடிவயிறு தோணி மாதிரி இருக்கும், தண்ணீரிலேயே இறங்கும். உள்ளே எட்டு ஒன்பது பேர், படுக்கக் கட்டில், சூடு பண்ணிச் சாப்பிட ஒரு சின்ன அடுப்பு. ஆமை வேகம். ஆனால் ஒரு பகல் ஓர் இரவு இறங்காமல் பறக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்கு 1943 முதல் 1945 வரை இதில் தபாலும் ஆளும் வந்தார்கள். ஒரு பயணம் 27 மணி நேரத்துக்குக் குறையாது, வழியில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும்.

லிபரேட்டர் வேறு ஜாதி. நாலு என்ஜின், 33 மீட்டர் இறக்கை, எட்டு முதல் பத்துப் பேர். இலங்கைத் தளங்களிலிருந்து கிளம்பிச் சிங்கப்பூர் வரை போய்க் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பியவை இவை. வானத்தில் ராஜா, தண்ணீரில் இறங்கினால் தொலைந்தது. குண்டு போடும் அடிக்கதவு நம் கடை ஷட்டர் மாதிரி சுருண்டு மேலே ஏறுகிற ரகம். மெல்லிய தகடு. கடலில் வயிறு பட்டதும் அதுதான் முதலில் பிய்யும். தண்ணீர் உள்ளே அறையும், உடம்பு நடுவில் ஒடியும். இறக்கை உச்சந்தலையில் இருப்பதால் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குக் கீழே போய்விடும். ரப்பர் படகைத் தள்ளி ஏறுவதற்குள் முடிந்துவிடும். தப்பியவர்களும் உண்டு, அவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள்.

எந்தக் கடலில் விழுகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டித்தான். அங்கே விழுந்த எதுவும் இத்தனை வருட இழுவலைக்குத் தப்பியிருக்காது, துண்டு துண்டாக அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். தெற்கே தீவுகளைத் தாண்டிப் போகப் போக அடி காணாத ஆழம். அங்கே போனது போனதுதான். ஐயாவின் பாரு இரண்டுக்கும் நடுவில், தீவுகளின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. இந்த நினைப்பிலேயே மனசு அந்தத் தகட்டை விமானமாக்கி, அதற்குள் ஒன்பது பேரை உட்காரவும் வைத்துவிட்டது.

மூன்றாம் நாள்: பாம்பன், ராமேஸ்வரம்

இன்று சுருக்கம்தான். வாடகைக்கு எடுத்த பைக் பாம்பன் சாலைப் பாலம் ஏறும் முன்பே பஞ்சர். கொடுத்தவனுக்குப் போன் பண்ணினால், "மேல ஒரு கடை இருக்குண்ணே, தள்ளிட்டுப் போங்க" என்று வைத்துவிட்டான். மேலே என்றது இரண்டு கிலோமீட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம். தள்ளினேன். ஒரு லாபம், ரயில் பாலங்களை நிதானமாகப் பார்த்தேன். 1914இல் திறந்த பழைய பாலம் ஓய்ந்து நிற்கிறது, பக்கத்திலேயே 2025இல் திறந்த புதுப் பாலம். பழையதைப் பார்த்தால்தான் பாலம் மாதிரி இருக்கிறது. வயதாகிறது எனக்கு.

ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகு எல்லாம் கரையில் கிடந்தன. இங்கே விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி; மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஐஸ் உடைக்கும் இடத்தில் வலை காய்ந்துகொண்டிருந்த நிழலில் நாலு பெரியவர்கள். ப்ளேன் என்றதும் அவர்கள் 1942க்குப் போகவில்லை, 1987க்குப் போனார்கள்.

அந்த வருடம் ஜூன் 3ஆம் தேதி, யாழ்ப்பாணத்துக்கு அரிசி, பருப்பு ஏற்றிக்கொண்டு இங்கிருந்து 19 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு பறந்து, யாழ்ப்பாணத்தின் மேல் 25 டன் பொருளைப் பாராசூட்டில் இறக்கிவிட்டு வந்தன. ஆபரேஷன் பூமாலை என்று பெயர்.

"நேத்துத்தான் படகைத் திருப்பி விட்டான், இன்னைக்கு மேல போகுது" என்று ஒருவர் நேற்று நடந்தது மாதிரியே சொன்னார். "ஒரு ப்ளேனையாவது சுட்டிருந்தா இந்தக் கடல்லதானே விழுந்திருக்கும். நாங்கதானே தேடப் போயிருக்கணும்."

யாரும் சுடவில்லை, எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் அவர் சொன்ன வரிசை எனக்குப் பிடித்திருந்தது. விமானம் கடலில் விழுந்தால் ராணுவத்துக்கு முன்னால் அங்கே போய்ச் சேருவது மீன்பிடிக்கிறவன். உயிரோடு இருந்தால் தூக்குவான், இல்லாவிட்டால் கரைக்கு இழுத்து வருவான்.

இரவு ரூமில் தண்ணீர் வரவில்லை. எழுதினதோடு படுக்கிறேன்.

நான்காம் நாள்: தனுஷ்கோடி, அரிச்சல்முனை

2017இல் போட்ட சாலை அரிச்சல்முனை வரை போகிறது. காலை ஏழு மணிக்கே வேன்கள் வந்து நின்றன. இடிந்த சர்ச்சுக்கு முன்னால் சங்கு மாலை, ஐஸ் போட்ட நன்னாரி. இங்கிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்.

1964 புயல் வரைக்கும் போட் மெயில் ரயில் இங்கேதான் முடியும். எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, இங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். 1942 ஏப்ரலில் இந்த வழி தலைகீழாக நிரம்பியது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். ராமநாதபுரம் ஜில்லாவில் கொழும்புப் பணம் பார்க்காத ஊர் குறைவு. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் அந்தக் கூட்டத்தில் வந்தவர். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் கடைச் சாவி. சாவியைச் சாகும் வரை வைத்திருந்தார், கடையைத் திரும்பப் பார்க்கவில்லை.

அந்த ஏப்ரலில் கொழும்புக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தது ஒரு காடலினா. கனடாக்காரர் லெனார்ட் பிர்ச்சல், கூட எட்டுப் பேர். அவர்கள் கொக்கலவுக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி விடியும் முன்பே கிளம்பி, நாள் முழுக்க இலங்கைக்குத் தெற்கே கடலைச் சல்லடை போட்டுவிட்டுத் திரும்பும் நேரத்தில் அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் கூட்டம். திரும்பி ஓடியிருக்கலாம். எண்ணிப் பார்க்க நின்றார்கள். வயர்லெஸ்ஸில் செய்தி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜப்பானின் ஜீரோ சண்டை விமானங்கள் மொய்த்தன. கடலில் இறங்கியது காடலினா. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று தூக்கியது. போர் முடியும் வரை சிறை. பிர்ச்சல் திரும்பிப் போய் 2004 வரை இருந்தார், இலங்கையைக் காத்தவர் என்று கொண்டாடினார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. தகவல் வந்தும் கொழும்பு தப்பவில்லை. திருகோணமலைப் பக்கமிருந்து ஆறு சுவார்ட்ஃபிஷ் விமானங்கள் சரியாகத் தாக்குதல் நடுவில் வந்து மாட்டின. இரட்டை இறக்கை, உடம்பில் பெரும்பகுதி துணி. அடியில் கனமான டார்பிடோவைக் கட்டிக்கொண்டு நம் ஊர் எக்ஸ்பிரஸ் பஸ்ஸை விடக் கொஞ்சம் வேகமாகப் பறக்கும். ஆறும் விழுந்தன. பிர்ச்சலுக்குப் பட்டம் கிடைத்தது, இந்த ஆறு விமானத்துப் பையன்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

உடல் கிடைக்காத விமானக்காரர்களுக்கு நந்தம்பாக்கத்தில் கல் கிடையாது. தெற்காசியாவிலும் கிழக்காசியாவிலும், சுற்றியுள்ள கடல்களிலும் காணாமல் போனவர்களின் பெயரை எல்லாம் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவகத்தில் சேர்த்துவிட்டார்கள். தரைப்படைக்காரர்களையும் சேர்த்துத் தூண் தூணாக 24,000 பெயர்களுக்கு மேல். கூரை விமான இறக்கை மாதிரி விரிந்திருக்கும். மன்னார் கடலில் விழுந்தவனைத் தேடிச் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். நந்தம்பாக்கம் மாதிரிக் கல்லறைகளில் சில இடத்தில் கற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒட்டி நட்டிருப்பார்கள். ஒரே விமானத்தில் எரிந்தவர்களை யார் யார் என்று பிரிக்க முடியாமல் போனால் அப்படி.

இதே கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. அது ராணுவ விமானம் இல்லை, ஆனால் போரில் விழுந்தது. 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் ஆன்டனோவ். 48 பயணிகள், 7 ஊழியர்கள். மன்னார்ப் பக்கம் கடலில் போய்விட்டது. புலிகள் சுட்டார்கள் என்பதுதான் வழக்கு. பதினாலு வருடம் கழித்து, 2012இல், கடலடியில் அதன் உடைசல்களைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே கிடந்த துணிமணிகளை 2014இல் யாழ்ப்பாணத்தில் மேசையில் பரப்பி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் கட்டியிருந்த சேலையை ஒருவர் பார்த்த பார்வையிலேயே அடையாளம் சொல்லிவிடலாம். நெய்தவனை விட, துவைத்து மடித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முனையில் ஒரு குடும்பம் என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தேன். "இன்னொண்ணு அண்ணா, கடல் முழுசாத் தெரியணும்" என்றாள் பெண். எடுத்தேன்.

ஐந்தாம் நாள்: கீழக்கரை, வாலிநோக்கம்

இரவெல்லாம் அந்தத் தகடுதான் நினைப்பில். ராமநாதபுரம் திரும்பிக் கீழக்கரைக்கு பஸ். கீழக்கரை என்றால் தொதல். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிண்டியது, விரலில் ஒட்டும். கால் கிலோ வாங்கியதில் வீடு போய்ச் சேர்ந்தது நூறு கிராம்தான்.

தொதல் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "பழைய இரும்பு விஷயம்னா வாலிநோக்கம் போங்க. அங்க கப்பலு உடைச்ச ஆளுக இருக்காங்க" என்றார். எனக்கு ஏன் தோன்றவில்லை? வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் கப்பலைக் கரையேற்றி உடைத்தார்கள். ஏர்வாடி தாண்டி, பனங்காடும் உப்பளமும் கடந்து ஊர். விசாரித்துப் போனதில் ஒரு பாய் கிடைத்தார். கேஸ் கட்டரில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவர். முழங்கையில் தீப்பொறி பட்ட வடுக்கள் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தன.

போனைக் கண்ணுக்குக் கிட்டே, அப்புறம் தள்ளி, மறுபடியும் கிட்டே வைத்துப் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கத் தெரியவில்லை, நான் செய்து கொடுத்தேன்.

"இது அஞ்சு ரூவாக் காசா?"

"ஆமா பாய்."

"அப்ப இந்த ஓட்டையில என் சுண்டுவிரல் நுனி போகும். தகடு கனம் என்ன? நகம் மாதிரியா, பழைய நாலணா மாதிரியா?"

நாலணா மாதிரி, இல்லை அதைவிடக் கொஞ்சம் தடிப்பு என்றேன்.

சிரித்தார். "தம்பி, ப்ளேன் தகடு இவ்வளவு கனம் போட்டா அது மேல எந்திரிக்குமா? ப்ளேன்ல ஆணி மூக்குத்தித் திருகு மாதிரி இருக்கும். நெருக்க நெருக்கமா, தலை தடவினாத் தெரியாது. இது லைஃப் போட்டு. கப்பல் பக்கவாட்டுல தொங்கும்ல. சண்டை முடிஞ்சதுக்கு அப்புறம் வந்த கப்பல்ல அலுமினியத்துல நிறைய வந்துச்சு. நான் எத்தனை உடைச்சிருக்கேன். வளைவு இருந்துச்சா?"

தட்டி நிமிர்த்தின தழும்பு இருந்ததாகச் சொன்னேன்.

"அதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் வீட்டுக்குள் பார்த்து, "தம்பிக்கு ஒரு டீ போடு" என்றார்.

நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, டீ குடிக்கும்போது சமாதானம் சொல்கிற மாதிரிப் பேசினார். ப்ளேன் தகடு உப்புத் தண்ணீரில் இத்தனை வருடம் கிடந்தால் அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்றுவிடுமாம், என்ஜினும் சக்கரக் காலும்தான் மிஞ்சுமாம். "அது அங்க கிடந்தாக் கிடக்கும். கோழிக்கூட்டுக்கு ஆகாது."

யோசித்தால் கணக்கும் சரியாக வந்தது. புயலுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வலையில் வந்த தகடு. போர் முடிந்து இருபது வருடம். ஏதோ ஒரு கப்பலின் உயிர்காக்கும் படகு. ஆள் ஏறியிருந்தார்களா, புயலில் வெறுமனே பிய்ந்து வந்ததா என்று தகடு சொல்லாது. அப்பா கேட்ட ராத்திரிச் சத்தம் தனி, வலையில் வந்த தகடு தனி. நடுவில் இருபது வருடத்தைக் குடும்பம் முடிச்சுப் போட்டுவிட்டது. நான் அந்த முடிச்சுக்கு லிபரேட்டர், காடலினா என்று பெயர் வைத்து இன்னும் இறுக்கினேன்.

ஐயாவிடம் சொல்லாமல் போவது தப்பு என்று பட்டது. வாலிநோக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று போன் பண்ணினேன். பாய் சொன்னதை, ஓட்டை அளவு, தகட்டின் கனம் எல்லாம் விவரமாகச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"லைஃப் போட்டா?" என்றார்.

"ஆமா ஐயா. அப்படித்தான் சொல்றாங்க."

"சரி, இருக்கட்டும். இப்ப அதுக்காக அந்த இடத்துல போயி எங்களை வலை போடச் சொல்றீங்களா தம்பி?"

போட வேண்டாம் ஐயா என்றேன். சாயல்குடி பஸ் வந்துவிட்டது.